மாரி வந்தால் லொறி அதிகம் டீசல் குடிப்பது ஏன்?

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் வர்த்தக சகோதரர்கள் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "பெப்ரவரி, மார்ச்சில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடிய லொறி இப்போது ஐந்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எஞ்சினில் கோளாறா, இல்லை சாரதி கைவைக்கிறாரா?" மன்னாரிலிருந்து சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எப்போதும் கவலைகொள்ளச் செய்கிறது. கணக்குப் பார்க்காமல் எழும் சந்தேகத்தால், பத்து வருடம் உண்மையாக உழைத்த சாரதியை இழந்த முதலாளிமார் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே மாரியில் டீசல் எங்கே போகிறது என்பதை இவ்வாரம் ஒழுங்காகப் பார்ப்போம்.

குளிர் நாடுகளின் கதை

லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் உறவினர்களைக் கேட்டால், குளிர்காலத்தில் தங்கள் கார்களும் அதிகம் எரிபொருள் குடிப்பதாகச் சொல்வார்கள். அது உண்மைதான். வெப்பநிலை 25 பாகை செல்சியஸிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகைக்கு இறங்கினால், நகரத்துக்குள் ஓடும் பெற்றோல் கார் ஒன்று லீற்றருக்கு ஓடும் தூரம் சுமார் 15 வீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. ஐந்தாறு கிலோமீற்றர் மட்டும் ஓடும் குறுகிய பயணமானால் இந்த இழப்பு 24 வீதம் வரை போகலாம்.

காரணங்கள் எளியவை. குளிரில் எஞ்சின் ஒயில் தடித்துவிடுகிறது. கியர் பெட்டியில் உள்ள ஒயிலும் அப்படியே. எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரம் பிடிக்கிறது. அதுவரை வழமையை விட அதிக பெற்றோல் உள்ளே போகிறது. காலையில் வண்டியைச் சூடாக்குவதற்காக நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விடுகிறார்கள். டயரில் காற்றழுத்தம் குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அதைக் கிழித்துக்கொண்டு போகவும் கூடுதல் சக்தி வேண்டும்.

இதில் எவ்வளவு நமக்குப் பொருந்தும்? மன்னாரில் ஜனவரி மாத அதிகாலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் இருபது பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஒயில் தடித்துப் போகும் குளிர் நமக்கு இல்லை. டயரின் கதை கொஞ்சம் பொருந்தும். ஏப்ரல் மாதப் பகலில் 100 பி.எஸ்.ஐ. காற்று அடித்த லொறி டயரில், பத்துப் பாகை குறைந்த ஜனவரிக் காலையில் அளந்தால் சுமார் 4 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். அதனால் வரும் இழப்பு ஒரு வீதம் அளவுதான். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைவதை இது விளக்காது. அப்படியானால் நம்முடைய காரணம் வேறு.

முதல் குற்றவாளி காற்று

மன்னார்த் தீவின் காற்று எப்படிப்பட்டது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்கரையில் வரிசையாக நிற்கும், 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை நிலையத்தின் 30 காற்றாலைகளே அதற்குச் சாட்சி. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து சோளகம்; மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. நாட்டுக்கு மின்சாரம் தரும் அதே காற்றுதான் நம் லொறியின் நெஞ்சிலும் மோதுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. லொறியைக் காற்று எதிர்க்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் லொறிக்குக் காற்றில்லாத நாளில் எதிர்ப்பு 6×6, அதாவது 36 பங்கு என்று வைப்போம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வாடை எதிரே அடித்தால், லொறி 80 கிலோமீற்றர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு 8×8, அதாவது 64. ஏறத்தாழ இரட்டிப்பு!

"போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுத்தானே, இரண்டும் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. வரும்போது சந்திக்கும் காற்று 40 கிலோமீற்றர். எதிர்ப்பு 4×4, அதாவது 16. போக 64, வர 16, கூட்டினால் 80. காற்றில்லாத நாளில் போய்வர 72. ஆக, பின்காற்று முழுக் கடனையும் திருப்பித் தருவதில்லை. காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகும் பங்கில் மட்டும் 11 வீதம் கூடுதல். பக்கக் காற்று அடித்தாலும் எதிர்ப்புக் கூடும். சரியாகக் கட்டாமல் படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் இந்தச் செலவை இன்னும் ஏற்றிவிடும்.

வெள்ளாங்குளம், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ32 வீதியில் ஓடுபவர்கள் இதை நன்கு உணரலாம். அந்த வீதி வடக்கும் வடகிழக்குமாகப் போவதால் மாரியில் வாடை முகத்தில் அடிக்கும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தில் மறைப்புக்கு ஒரு மரமும் இல்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நமது மூன்று கிலோமீற்றர் தாம்போதியிலும் இதே நிலைதான். எதிர்க்காற்று நாளில் வேகத்தைப் பத்துக் கிலோமீற்றர் குறைத்து ஓடுவதே மிகச் சிறந்த சேமிப்பு. பத்து நிமிடம் பிந்தினால் சரக்கு கெட்டுவிடாது.

இரண்டாவது மழை

மழை மூன்று வழியாக டீசலைத் தின்கிறது. முதலாவது, வீதி. தேங்கிய நீரை ஒவ்வொரு டயரும் ஒதுக்கித் தள்ளித்தான் உருள வேண்டும். முசலிப் பக்கத்து உள்வீதிகளில் குழிகளுக்காக நிறுத்தி நிறுத்தி, சிறிய கியரில் ஊர்ந்து போவது இன்னும் செலவு. ஓடிக்கொண்டிருக்கும் லொறியை நிறுத்தி மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் எஞ்சினுக்கு மிகவும் பாரமான வேலை.

இரண்டாவது, சுமை. நனைந்த விறகும், ஈரம் இழுத்த கருவாடும், நனைந்த சாக்கும் தார்ப்பாயும் நிறுவையைக் கூட்டுகின்றன. பில்லில் எழுதிய எடையும் சில்லின் மேல் உள்ள எடையும் ஒன்றல்ல.

மூன்றாவது, காத்திருப்பு. மழை விடும் வரை, சுமை இறக்கும் ஆட்கள் வரும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரண கார்கூட நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சினின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை எரிக்கும். லொறியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஓடோமீற்றரில் ஒரு கிலோமீற்றரும் ஏறாமல் டாங்கி மட்டும் இறங்கும். சாரதி மேல் சந்தேகம் பிறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது நம் கடல் உப்பு

இது தீவுக்காரர்களுக்கே உரிய பிரச்சினை. மீன் ஏற்றும் லொறிகளில் ஐஸ் உருகி வடியும் உப்புநீர் அடிச்சட்டத்திலும் பிரேக்கிலும் படிகிறது. மாரியில் அது காய்வதில்லை. பிரேக் துருப்பிடித்து முழுதாக விடுபடாமல் சில்லை இலேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். சாரதிக்குத் தெரியாது, டீசலுக்குத் தெரியும். சோதிப்பது எளிது. பிரேக்கை அதிகம் அழுத்தாமல் பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றை விட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் கராஜுக்கு அனுப்புங்கள். வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது இதைத் தடுக்கும். மழைக்காலத்தில் டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அடிக்கடி திறந்துவிட வேண்டும். அது எஞ்சினின் உயிரையும் காக்கும்.

கொப்பி ஒன்று போதும்

2021 ஜூனில் லீற்றர் 111 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. அதே ஆண்டு கியூ.ஆர். அட்டை வந்தபோது லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர்தான் என்று தொடங்கினார்கள். பெற்றோல் செட் வரிசையில் இரவைக் கழித்த நாம், ஒவ்வொரு லீற்றரையும் எண்ணப் பழகினோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். டாங்கியை வாய் வரை நிரப்பி ஓடோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே செட்டில் வாய் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை, இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரியுங்கள். ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், லீற்றர், பாதை, சுமை, மழையா காற்றா, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று ஏழு விடயங்களை எழுதுங்கள். பாதையை எழுதுவது முக்கியம். வண்டியும் சுமையுமாக ஏழு தொன் எடையை 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவுக்கு ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 10 லீற்றர் டீசல் கூடுதலாக வேண்டும். மரக்கறி எடுக்க அங்கே போன வாரத்தையும் சமதரையில் புத்தளம் போன வாரத்தையும் ஒப்பிட்டால் நியாயம் பிழைத்துவிடும். அதுபோல இந்த டிசம்பரைப் போன மார்ச்சுடன் அல்ல, போன டிசம்பருடன் ஒப்பிடுங்கள்.

இப்போது சாரதியின் விடயத்துக்கு வருவோம். காற்றும் மழையும் செய்யும் இழப்பு எல்லா லொறிகளுக்கும் பொதுவானது. வாடையோடு வந்து வாடையோடு போகும். வண்டிக் கோளாறு ஒரு வண்டியில் மட்டும் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டு சாரதிகளையும் இரண்டு வாரத்துக்கு வண்டி மாற்றி, அதே பாதையில் ஓட விடுங்கள். இழப்பு வண்டியோடு நின்றால் கராஜுக்கு வேலை. இரண்டிலும் சமமாக இருந்தால் காலநிலை. ஆளோடு சேர்ந்து நகர்ந்தால்கூட, முதலில் அவர் ஓட்டும் வேகத்தையும் எஞ்சினை நிறுத்தாத பழக்கத்தையும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் வேறு பேச்சு. டீசல் நாம் சாரதியிடம் ஒப்படைக்கும் அமானிதம் என்றால், அவருடைய நற்பெயர் நம்மிடம் உள்ள அமானிதம்.

கூலி பேசும்போது

கடைசியாக நம் கல்லாப்பெட்டிக் கணக்கு. கொழும்புக்குப் போய்வர சுமார் 600 கிலோமீற்றர் என்று கொள்வோம். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடினால் 100 லீற்றர். மாரியில் 5.2 ஆகக் குறைந்தால் 115 லீற்றர். டீசல் 300 ரூபா என்று வைத்தால், ஒரு பயணத்துக்கு 4,500 ரூபா; மாதம் எட்டுப் பயணத்துக்கு 36,000 ரூபா. நல்ல காலத்தில் பேசிய ஒரே கூலியை ஆண்டு முழுக்க வைத்திருப்பவரின் இலாபம் மாரியில் போகும் வழி இதுதான்.

ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே இரண்டு விலை பேசுங்கள்: நல்ல காலத்துக்கு ஒன்று, அக்டோபர் முதல் ஜனவரி வரை ஒன்று. கொப்பியைக் காட்டிப் பேசினால் சரக்குக்காரரும் மறுக்க மாட்டார். அவரும் வியாபாரிதான், எழுத்தில் உள்ள கணக்குக்கு மதிப்புத் தெரிந்தவர். காற்றையும் மழையையும் நம்மால் நிறுத்த முடியாது. அவற்றின் செலவை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கொப்பியின் விலை அரை லீற்றர் டீசலைக்கூடத் தாண்டாது. அடுத்த முறை டாங்கி நிரப்பும்போது முதல் வரியை எழுதிவிடுங்கள்.