மிருகாபுத்திரனுக்கு வந்த நோய் என்ன?

நான் மருத்துவன் அல்லன். புத்தலப்பட்டில் வெல்ல மண்டி வைத்திருக்கும் வியாபாரி. ராத்திரி கடை சாத்தியபின் பழைய நூல்களைப் புரட்டுவது வழக்கம். அப்படிப் படித்ததில் மனத்தை விட்டு அகலாத ஒரு கதையைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

சுவேதாம்பர சமணரின் பதினோராவது அங்க ஆகமம் விபாக சூத்திரம். செய்த வினை எப்படிப் பழுக்கிறது என்று சொல்லும் நூல். தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர். எங்களுக்கு அது ஆகமம் அல்ல. ஆனால் நல்ல சரக்கு எந்தக் கடையில் இருந்தால் என்ன?

அதன் முதல் கதையில் வரும் வில்லன் இக்காயி. ஐந்நூறு ஊர்களுக்கு அதிகாரி. வரி மேல் வரி போட்டு, லஞ்சம் வாங்கி, குடிகளைக் கசக்கிப் பிழிந்தவன். பதினாறு நோய் கண்டு செத்து, நரகம் போய், பிறகு மிருகாதேவி என்ற அரசியின் வயிற்றில் கருவானான். அன்று முதல் அவளுக்குத் தாங்காத வலி. அரசனும் முகம் கொடுக்கவில்லை. உவர்ப்பும் கசப்பும் துவர்ப்புமான மருந்துகளைத் தின்று கருவைக் கலைக்கப் பார்த்தாள். கலையவில்லை. பிறந்த பிள்ளைக்குக் கையில்லை, காலில்லை. கண், காது, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் அடையாளம்தான்.

இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதல்லவா? 1957-இல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள். கைகால் குறுகியும், காது, கண் கெட்டும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தபின், 1961 நவம்பரில் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். கரு தரித்து ஏறக்குறைய 20 முதல் 36 நாளுக்குள் சாப்பிட்டதுதான் இந்தக் கேட்டைச் செய்தது.

அரசியின் கதைக்கு இன்னும் நெருக்கமானது பிரேசில் நாட்டு அனுபவம். அங்கே வயிற்றுப் புண்ணுக்கான மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கருக்கலைப்புக்காகப் பெண்கள் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டார்கள். கலையாமல் தங்கிய குழந்தைகளில் சிலருக்கு முகத்தசை அசையவில்லை. சிலருக்குக் கைகால் குறை. கர்ப்பப்பை இறுகிச் சுருங்கும்போது கருவுக்குப் போகும் ரத்தம் குறைவதே காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நாள் தள்ளிப்போயிற்றே என்று பெண் பதறுவதும், கருவில் கைகால் முளைப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம். கரு தரித்த நாலாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை அந்த வேலை நடக்கிறது. பதற்றத்தில் விழுங்கும் மருந்து சரியாக அந்த நேரத்தில் போய்ச் சேருகிறது.

மிருகாபுத்திரன் தின்ற சோறெல்லாம் சீழும் ரத்தமுமாகியது என்றும் நூல் சொல்கிறது. அதற்கு மருந்தைக் காரணம் சொல்ல முடியாது. வினைப்பயனை அழுத்திச் சொல்ல ஆசிரியர் சேர்த்தது அது. ஆனால் கைகாலைப் பற்றி எழுதியவர் அப்படியொரு பிள்ளையைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

"போன ஜென்மத்துப் பாவம்" என்று ஊனமுற்ற பிள்ளையை உள்ளறையில் பூட்டிவைக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கதையிலும் முதலில் குப்பையில் எறியத்தான் சொன்னாள் தாய். அரசன் தடுத்தான். பிறகு நிலவறையில் மறைத்து வைத்தாலும், தானே வண்டியில் சோறு இழுத்துப்போய் ஊட்டினாள். வினையை விரித்துச் சொல்லும் நூலே அந்த மருந்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறது. நாம் ஏன் மறைக்கவேண்டும்?

கருவைக் கலைப்பதை எங்கள் அகிம்சை தர்மம் ஏற்காது. அது வேறு விஷயம். எந்த வீட்டுப் பெண்ணும் பயத்தில் ஏதாவது சாப்பிட்டிருந்தால், திட்டாமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிட்டது இன்னதென்று ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பாவக்கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.