ஆசிரியப் பணி நாட்டம்

ஆசிரியப் பணி நாட்டம் என்பது கற்பித்தலைத் தொழிலாக ஏற்க விரும்பும் மனநிலையாகும். இதை உருவாக்குவதில் பள்ளி அனுபவங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நாட்டமுள்ள மாணவர்

இவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் கணக்கு புரியும் வரை வேறு வேறு வழிகளில் சொல்லிக் கொடுப்பர். அவர் புரிந்துகொண்டதும் மகிழ்வர். பொறுமையும் சிறுவர்களுடன் பழகும் விருப்பமும் இவர்களிடம் காணப்படும். நிலையான ஊதியம், விடுமுறை, வீட்டாரின் வற்புறுத்தல் ஆகியவற்றுக்காக மட்டும் இப்பணியைத் தேர்வது புறத் தூண்டலே. அது நாட்டம் ஆகாது.

நாட்டமில்லாத மாணவர்

இவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினரின் விருப்பம் வேறு துறையில் இருக்கும்; இது குறையன்று. மற்ற வகையினர் கூச்சத்தாலும், வகுப்பு சிரித்துவிடுமோ என்ற அச்சத்தாலும் ஒதுங்குவர். இத்தயக்கம் மாறக்கூடியது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கிய 'தன்திறன் நம்பிக்கை' என்னும் கருத்தின்படி, செய்து பெறும் சிறு வெற்றிகளே நம்பிக்கையை வலுவாக வளர்க்கின்றன. ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர், பின்பு ஐவருக்கும், முழு வகுப்புக்கும் சொல்லிக் கொடுக்க முடியும்.

பார்த்துக் கற்றல்

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் சுமார் 13,000 மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் கணக்கிட்டார். ஆனால் மாணவர் காண்பது வகுப்பறையை மட்டுமே. அதற்கு முந்தைய தயாரிப்பை அவர் காண்பதில்லை. எனவே இப்பணியை மிக எளிதென்றோ சலிப்பானதென்றோ தவறாக எடைபோட வாய்ப்புண்டு.

இராமேசுவரம் எடுத்துக்காட்டு

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் விளக்கினார். மாணவர்களுக்குப் புரியாததால் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அய்யாதுரை சாலமன் கலாமுக்குத் தன்னம்பிக்கை ஊட்டினார்.

கலாம் உடனே ஆசிரியராகிவிடவில்லை. வானூர்திப் பொறியியல் படித்து ஏவூர்தித் துறைக்குச் சென்றார். 2001-இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். குடியரசுத் தலைவர் பதவிக்காலம் 2007-இல் முடிந்ததும் மீண்டும் கற்பிக்கத் தொடங்கி, 2015 சூலை 27 அன்று சில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றும்போது மறைந்தார்.

வழிகாட்டுதல்

நாட்டம் தாமதமாகவும் வெளிப்படலாம் என்பதையே இது காட்டுகிறது. பதினேழு வயதில் கூச்சப்படும் மாணவரை 'இவருக்கு ஆசிரியப் பணி ஒத்துவராது' என்று ஒதுக்குவதும், விருப்பமில்லாதவரை வற்புறுத்திக் கல்வியியல் படிப்பில் சேர்ப்பதும் ஒரே அளவு தவறாகும். முதலாவதில் ஒரு நல்லாசிரியரை இழக்கிறோம். இரண்டாவதில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பே இழப்புக்கு உள்ளாகிறது.