சக்கர மரையும் புரியின் திசையும்

இங்கிலாந்திலே ஆபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் மோட்டார் வண்டியின் 19 அங்குலக் கம்பிச் சக்கரம் ஒவ்வொன்றையும் நடுவிலுள்ள ஒற்றை மரையே நிறுத்துகின்றது. அது தேய்ந்தவிடத்து, வீட்டுக் கடைசல் யந்திரத்திலே புதியது செய்துகொள்வாரும் உளர். அவர்கள் புரியின் திசையையே முதற்கண் நோக்குதல் வேண்டும். வண்டியின் இடப்புறத்து மரைகள் வலமாகத் திருக இறுகுவன. வலப்புறத்தன இடமாகத் திருக இறுகுவன. காரணம் யாதெனக் காண்போம். வண்டி முன்னோக்கி ஓடுங்கால் சுமை தாங்கும் இடம் மரையின் உட்கூம்பைச் சுற்றி நகர்தலால், மரையானது சக்கரத்தின் சுழற்சிக்கு எதிராகச் சிறிதுசிறிதாகத் திரும்ப முயல்கின்றது. முறைப்படி வெட்டிய புரி அதனால் இறுகும். மாற்றி வெட்டியதோ தளர்ந்து சக்கரத்தை விடுவிக்கும். கடைசலின் அழகு அப்போது உயிரைக் காவாது. ஆதலின், உளியை எடுக்குமுன் எப்புறத்து மரை என்பதைத் தெளிந்துகொள்வோமாக.