ஆக்சிமீட்டரின் கணக்கு எந்தத் தோலுக்கானது?

வெப்பம், ஒளி, அழுத்தம் போன்றவற்றில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவி உணரி, அதாவது சென்சார், எனப்படுகிறது. தானாகத் திறக்கும் கதவிலும் திருப்பினால் சுழலும் கைபேசித் திரையிலும் அது இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கொரோனா காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைக்கப்பட்ட, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உணரியால் கணிக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணோ, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்தது.

1974இல் ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் வெளியிட்ட கோட்பாட்டின்படி இயங்கும் இக்கருவியில், விரலின் ஒருபுறம் இரண்டு எல்இடி விளக்குகளும் மறுபுறம் ஒளி உணரியும் உள்ளன. ஒரு விளக்கு ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், மற்றது 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சுகின்றன. ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபின் அகச்சிவப்பையும், ஆக்சிஜனை இழந்தது சிவப்பையும் கூடுதலாக உறிஞ்சுவதால், மறுபுறம் வந்து சேரும் ஒளிகளின் விகிதம் இரத்தத்தின் நிலையைக் காட்டிவிடுகிறது. தோலும் எலும்பும் உறிஞ்சும் ஒளி ஏறக்குறைய மாறாதிருக்க, இதயத் துடிப்புக்கேற்பத் தமனி இரத்தம் உறிஞ்சுவது மட்டும் ஏறி இறங்குகிறது; அந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுப்பதே இக்கருவியின் உயிர்நாடி. விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் அடர்நிறப் பூச்சு இருந்தாலோ கணக்கு தடுமாறும்.

இவையெல்லாம் எளிதில் சரிசெய்யத்தக்கவை. ஒளி விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணையோ அப்படிப்பட்டதன்று. உடல்நலமுள்ள தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, அவர்களது தமனி இரத்தப் பரிசோதனையுடன் ஒப்பிட்டு அது தயாரிக்கப்படுகிறது. அவர்களுள் கருநிறத் தோலினர் குறைந்தது இருவர் அல்லது 15 சதவீதத்தினர், இவற்றுள் எது அதிகமோ அது, இருந்தால் போதும் என்றே 2013இல் அமெரிக்க வழிகாட்டுதல் கூறியது. தோல் நிறமியான மெலனினும் ஒளியை உறிஞ்சும் என்ற நிலையில் இது போதாது என்பதை 2020இல் அங்கு வெளியான ஆய்வு புலப்படுத்தியது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை அளவு 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதமாகவும் இருந்தது.

ஒற்றை எண்ணைவிடத் தொடர் அளவீடுகளின் போக்கே முக்கியம் என்று சிலர் கூறுவதிலும் நியாயம் உண்டு. எனினும் பிழை, ஆபத்தை மறைக்கும் திசையில் நிகழ்வதால், கருநிறமும் மாநிறமும் இயல்பாக உள்ள நம் நாட்டில் விற்கப்படும் கருவிகள் எந்தெந்த நிறத் தோலினரிடம் சோதிக்கப்பட்டன என்பது பெட்டியின் மீதே அச்சிடப்பட வேண்டும். அதுவரை, திரையில் 95 தெரிந்தாலும் மூச்சு வாங்குபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே தகும்.