ஆண் ஈ மட்டும் சிக்கினால் போதுமா?

வெளியே பழுதில்லாத மாம்பழம். வெட்டினால் சதைக்குள் வெள்ளைப் புழு நெளிகிறது. பெரியகுளம், போடி மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு இது தெரிந்த நட்டம். பழம் முற்றும் தறுவாயில் பெண் பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு சதைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதும் பழ ஈயால்தான்.

ஈயைப் பிடிக்க வாசனை உதவும் என்பது இந்தியாவில் தெரியவந்த செய்தி. பீகார் மாநிலம் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், கொசுவை விரட்டப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-ல் பதிவு செய்தார். வந்தவை ஆண் ஈக்கள். இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று பிறகு கண்டறிந்தார். துளசியிலும் அது இருக்கிறது. ஆண் ஈ அதைத் தின்று, உடலுக்குள் மாற்றி, பெண்ணைக் கவரும் மணமாக வெளியிடுகிறது. அதனால்தான் அப்படி ஓடி வருகிறது.

எரிசாராயம் 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் 1 பங்கு கலந்த கலவையில் ஊறவைத்த சிறு ஒட்டுப்பலகைத் துண்டை டப்பாவுக்குள் தொங்கவிட்டால் பொறி தயார்.

ஆனால் டப்பா நிறைய ஈ விழுந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. முட்டையிடுவது பெண். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். பக்கத்துத் தோப்பில் இணைந்த பெண்ணோ நேராக நம் பழத்துக்கு வந்துவிடும். பசிபிக் கடலின் ரோட்டா தீவில் 1960-களில் ஆண் ஈக்களை மட்டுமே அழித்து இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். அதைச் சுற்றிக் கடல் இருந்தது. பெரியகுளத்துத் தோப்பைச் சுற்றி இருப்பவை வேறு தோப்புகள். ஆகவே ஊர் முழுக்க ஒரே சமயத்தில், காய் முற்றும் முன்பே பொறி தொங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆண் மட்டுமே சிக்கும் இந்தச் சிக்கல் கம்பம் பள்ளத்தாக்கின் வாழைக்காரர்களுக்குக் குறைவு. நெடுக்காகப் பிளந்த வாழைத்தண்டின் வாசத்துக்கு, வாழையைத் தாக்கும் கூன்வண்டில் ஆணும் பெண்ணும் வரும், பொறுக்கி அழிக்கலாம்.

மாவில் பெண் ஈக்கு முட்டை வளரப் புரதச் சத்து வேண்டும். புரதக் கலவையில் நஞ்சு சேர்த்து வைத்தால் அதுவும் சிக்கும். அதைவிட முக்கியம், உதிர்ந்த பழம். அதிலிருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக எழுகிறது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் விலைபோகும் காயைப் பறித்துக்கொண்டு போய்விடுவார். கீழே கிடப்பதை ஆழக் குழியில் புதைக்கும் கூலி யார் பொறுப்பு என்பதைக் குத்தகை பேசும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.