புல்தரையும் மண்ணின் ஈரமும்

விருதுநகர் மாவட்டத்தின் தொழில்கள் யாவும் ஏதேனும் ஒரு வகையில் ஈரத்தோடு வழக்காடுவனவே. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு இப்பகுதியின் வறண்ட காற்றும் நீண்ட வெயிலும் முக்கியமான காரணங்கள். நெசவாள அங்கத்தினர்களைக் கேட்டாலோ வேறுவிதமாகச் சொல்வர். காற்று மிக உலர்ந்தால் பாவு நூல் அறுந்துகொண்டேயிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் கஞ்சியிட்ட பாவு காய்வதில்லை. குழித்தறியில் பழகியவர், அன்றைய காற்று நூலுக்கு ஏற்றதா அன்றா என்பதைத் தறியில் அமர்ந்த சிறிது நேரத்திற்குள் கூறிவிடுவார். ஈரம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்பது அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. ஆனால் அதே நுட்பத்தை நாம் மண்ணின் விஷயத்தில் காட்டுகிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற கோடையில் கரிசற்பகுதியிலுள்ள சங்கம் ஒன்றன் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டாம். செலவுச் சீட்டுகளைப் புரட்டியபோது, ‘தண்ணீர் லாரி வாடகை’ என்னும் இனம் மாசி மாதம் முதல் இரண்டு நாளைக்கு ஒரு முறை தவறாமல் இடம்பெற்றிருந்தது. விசாரித்ததில், மகாசபை கூடும் நாள்களில் அங்கத்தினர் அமர்வதற்கென்று அலுவலகத்தின் முன் 5 சென்ட் பரப்பில் அருகம்புல் தரை அமைத்திருப்பதாகவும், அது பழுத்து வருவதால் தண்ணீர் விலைக்கு வாங்கி விடுவதாகவும் செயலாளர் கூறினார். புல்லைப் போய்ப் பார்த்தோம். வாங்கிய தண்ணீர் உண்மையாகவே ஊற்றப்பட்டிருந்தது. அதில் முறைகேடு இல்லை. எனினும் புல் திட்டுத்திட்டாக மஞ்சளித்திருந்தது. இடையிடையே கோரை தலைகாட்டியிருந்தது. சுவரோரம் பசும்பாசி படர்ந்திருந்தது.

கோரையையும் பாசியையும் கண்டபின் நாம் மண்வெட்டியை வாங்கி ஓர் ஓரத்தில் வெட்டிப் பார்த்தோம். மேலே ஒரு விரற்கடை மண் காய்ந்து வெளிறிக் கிடந்தது. அதன்கீழ் சேறு, புளித்த நாற்றம் வீசிற்று. வேர்கள் வெண்மையாக இராமல் பழுப்பேறி, இழுத்தவுடன் கையோடு வந்தன. “ஐயா, மேல்மண் காய்ந்துதானே கிடக்கிறது? அதனால்தான் ஊற்றுகிறேன்,” என்றார் முதியவரான தோட்டக்காரர். அவர் கண்டது பொய்யன்று. ஆனால் வேர் வாழ்வது அவர் கண்ட இடத்திலன்று.

தாகத்தால் வாடும் செடியும் மிகை நீரால் வாடும் செடியும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவதே இத்தவறுக்கு மூலகாரணம். மண்துகள்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளில் ஒரு பகுதி நீருக்கு, மற்றொரு பகுதி காற்றுக்கு. அனைத்தையும் நீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட இயலாமல் அழுகும். அழுகிய வேர் உரத்தையும் எடுக்காது, தன்னைச் சூழ்ந்து நிற்கும் நீரையும் எடுக்காது. இலை பழுக்கும். பழுத்ததைக் கண்டவர் மேலும் ஊற்றுவார். இவ்வாறு நோயே மருந்தாகத் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகிறது. உண்மையான தாகத்தின் குறி வேறு: புல் சற்று நீலம் கலந்த சாம்பல் நிறங்கொள்ளும், மிதித்துச் சென்றால் காலடித் தடம் உடனே நிமிராமல் நெடுநேரம் படிந்தே கிடக்கும்.

இனி, மண்ணில் ஈரம் இருப்பது வேறு, அந்த ஈரம் பயிருக்குக் கிடைப்பது வேறு என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நன்றாக நனைந்த மண்ணிலிருந்து மிகுநீர் இரண்டு மூன்று நாளில் கீழே வடிந்தபின், மண் தன் சக்தியால் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தின் அளவை வயல் கொள்திறன் என்பர். பயிர் உறிஞ்சி உறிஞ்சி, இனித் தன்னால் எடுக்க முடியாது என்று நிரந்தரமாக வாடிவிடும் அளவு வாடல் நிலை எனப்படும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே பயிரின் சொத்து. ஒரு மீட்டர் ஆழ மண்ணில் இந்த இடைப்பட்ட ஈரம் மணலில் ஏறக்குறைய 60 மில்லிமீட்டரும், நடுத்தர வண்டலில் 140 மில்லிமீட்டரும், களியில் 200 மில்லிமீட்டரும் இருக்கும். கரிசல் களியினத்தைச் சேர்ந்தது. நீரை மிகுதியாகக் கொள்ளும், ஆனால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எடையில் 100க்கு 15 பங்கு ஈரமுள்ள மணற்பாங்கான செம்மண்ணில் புல் செழித்திருக்க, 100க்கு 18 பங்கு ஈரமுள்ள கரிசலில் அதே புல் வாடக்கூடும். ஆகவே விழுக்காட்டை மட்டும் கேட்டு மகிழ்வதில் பயனில்லை. எந்த மண்ணின் விழுக்காடு என்று கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செம்மண்ணும், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலும் சில மணி நேரப் பயணத்துக்குள் அமைந்திருப்பதால், ஓரூரின் தண்ணீர்ப் பழக்கத்தை மற்றோரூருக்கு அப்படியே எடுத்துச் செல்வது ஆபத்து.

அளப்பதற்கு முதற்கருவி கையேதான். வேர் நிற்கும் ஆழத்திலிருந்து மண்ணை எடுக்க வேண்டும். வெட்டிப் பராமரிக்கும் அருகம்புல்லுக்கு இது 10 சென்டிமீட்டர் அளவு, தீவனப்புல்லுக்கு ஒரு சாணும் அதற்குமேலும். கரிசலை உள்ளங்கையில் வைத்து அழுத்துக. உருண்டை பிடிக்காமல் கட்டியாக உடைந்தால் தண்ணீர் ஏற்கெனவே தாமதம். உருண்டை பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கும்போது சிறிது நீண்டு முறிந்தால் பாதி ஈரம் உள்ளது. நாளையோ மறுநாளோ பாய்ச்சலாம். நாடாவைப்போல் எளிதில் நீண்டால் போதிய ஈரம் இருக்கிறது. அழுத்தியபின் கையில் நீர் மினுங்கினால் அன்றைக்கு மோட்டாரின் பக்கமே போக வேண்டாம். செம்மண் இவ்வளவு நீளாது. அதற்கு உருண்டை நிற்கிறதா என்பதே சோதனை.

இரண்டாவது கருவி ஒரு கம்பி. ஏறக்குறைய 3 அடி நீளமுள்ள இரும்புக் கம்பியை மேலே வளைத்துக் கைப்பிடியாக்கி, முனையை மழுக்கி மண்ணில் அழுத்தினால், ஈரமுள்ள ஆழம்வரை எளிதாக இறங்கி, காய்ந்த மண்ணை எட்டியதும் நின்றுவிடும். சரளை கலந்த நிலத்தில் கல் தடுத்து ஏமாற்றும். கரிசலில் இதைக் காட்டிலும் மலிவான கருவி நமக்குத் தெரிந்தவரை இல்லை.

இவை அளவையன்று, மதிப்பீடே என்பார் சிலர். துல்லியமான அளவை வேண்டுவோர் மண்ணை மூடியுள்ள தகரக் குப்பியில் எடுத்து உடனே நிறுத்து, 105 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். ஈரமண் 120 கிராம், உலர்ந்தபின் 100 கிராம் என்றால் ஈரம் 100க்கு 20 பங்கு. மற்ற கருவிகளையெல்லாம் சரிபார்ப்பதற்குரிய உரைகல் இம்முறையே. உலர் அடுப்பு இல்லாத இடத்தில் எரிசாராயம் ஊற்றிக் கொளுத்தி உலர்த்தும் முறை ஒன்றும் உண்டு. சிவகாசியைச் சுற்றிலும் உள்ள அங்கத்தினர்களுக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

மேற்கூறிய சங்கத்தின் புல்தரைக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதுபோன்ற கரிசலில் வயல் கொள்திறன் 34 பங்கு, வாடல் நிலை 18 பங்கு என்று கொள்க. இடைப்பட்ட 16 பங்கில் பாதி செலவானதும், அதாவது 26 பங்குக்கு இறங்கியதும், தண்ணீர் விடுவது முறை. நிரப்ப வேண்டியது 8 பங்கு. ஒரு கன சென்டிமீட்டர் உலர்மண்ணின் எடை 1.3 கிராம் என்றும் வேர்மண்டலம் 150 மில்லிமீட்டர் என்றும் வைத்துப் பெருக்கினால் 15.6 மில்லிமீட்டர் நீர் தேவை. ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 40 லிட்டர். 5 சென்டுக்கு 3,150 லிட்டர் போதும். கோடையில் புல் நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர்வரை செலவழிக்கும்; ஆகவே இந்த நீர் மூன்று நாளைக்கு வரும். சங்கமோ இரண்டு நாளைக்கொருமுறை 6,000 லிட்டர் லாரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கணக்கில் 9,000 லிட்டர்! தேவையைப்போல் மூன்று மடங்கு நீருக்கு அங்கத்தினர் பணம் செலவாகி, அப்பணத்தைக் கொண்டே புல்லையும் அழுகச் செய்திருந்தார்கள். கணக்கை நிர்வாகஸ்தர்கள் முன்னிலையில் போட்டுக் காட்டியபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

ஒவ்வொரு நாளும் மண்ணை நிறுத்துக்கொண்டிருக்க முடியாதாகையால் நிலத்திலேயே நின்று காட்டும் கருவிகள் தோன்றின. டென்சியோமீட்டர் என்பது அடியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் பொருத்திய, நீர் நிரப்பிய குழாய். மண் காயக் காயக் கிண்ணத்தின் வழியே நீரை இழுக்கும். அந்த இழுப்பை மேலுள்ள முள் காட்டும். முள் 10 சென்டிபாருக்குள் இருந்தால் மண் நீரில் ஊறிக் கிடக்கிறது. மணற்பாங்கான மண்ணில் 20 முதல் 25 ஆனதும், களிமண்ணில் 40 முதல் 50 ஆனதும் புல்லுக்குத் தண்ணீர் விடலாம். 80ஐக் கடந்தால் காற்றுப் புகுந்து கருவி நம்பத்தகாததாகிவிடும். கரிசல் வெடிக்கும்போது கிண்ணத்தைவிட்டு மண் விலகிப்போவது இதன் மற்றொரு குறை. அமெரிக்காவில் பூயூக்கோஸ் என்னும் மண்ணியலாளர் 1940இல் வெளியிட்ட ஜிப்சக்கட்டி முறையோ மின்தடையைக் கொண்டு ஈரத்தை உணர்த்துவது. இன்று மேல்நாட்டுக் கோல்ப் மைதானங்களில் காவலர்கள் இரண்டு உலோக முட்கள் கொண்ட கருவியைக் காலையில் இடத்துக்கிடம் குத்திப் பார்த்து, உலர்ந்த திட்டுக்கு மட்டும் கைக்குழாயால் நீர் தெளிக்கின்றனர். தரை முழுவதையும் நனைப்பதில்லை.

நமக்கு அண்மையில் கோயம்புத்தூரில், 1912இல் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்கு நிலையத்தார் உருவாக்கிய மண் ஈரங்காட்டும் கருவி எளிய விவசாயிக்கென்றே அமைந்தது. எண்ணைப் படிக்க வேண்டிய தொல்லை இல்லை. முட்களை மண்ணில் செருகினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை, போதிய ஈரம், ஆரஞ்சு, பாய்ச்ச வேண்டிய வேளை, சிவப்பு, உடனே பாய்ச்சுக. கரும்புக்காகத் தோன்றியதாயினும், முள் செருகும் ஆழத்தைக் கவனித்தால் பிற பயிர்களுக்கும் வழிகாட்டும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் கருவிகள் உப்பினால் ஏமாறும். உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், உவர்க் கிணற்று நீர் பாயும் நிலத்தில் கருவி உள்ளதைவிட மிகுந்த ஈரத்தைக் காட்டும். நம் பகுதியில் உவர்க் கிணறுகள் அரிதல்ல. பயிருக்கோ அந்நிலத்தில் தாகம் இன்னும் அதிகம். உப்பும் ஒருபுறம் நீரை இழுத்துப் பிடிக்கிறது. எனவே, புதிய கருவியைப் பயன்படுத்துவோர் முதல் சில முறை கைச்சோதனையையும் உடன் செய்து, தம் நிலத்தில் எந்த விளக்கு எந்த ஈரத்துக்கு எரிகிறது என்று கண்டுகொள்ள வேண்டும்.

இஃது ஏதோ அலுவலகப் புல்லைப் பற்றிய விஷயம் என்று பால் சங்க அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது. கம்பு நேப்பியர் தீவனப்புல்லுக்கு 10 நாளைக்கு ஒரு தண்ணீர் என்பது பொதுப் பரிந்துரை. தை மாதத்துப் பனியிலும் சித்திரை வெயிலிலும், செம்மண்ணிலும் கரிசலிலும் அந்த 10 நாள் எப்படி ஒன்றாக இருக்கும்? ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம் இது. அதிலும் பாதி வடகிழக்குப் பருவத்தில் வந்து முடிந்துவிடுகிறது. விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால், வீணாக ஓடிய மோட்டார் எவருடைய கணக்கிலும் செலவாக ஏறுவதில்லை. கிணற்றின் நீர்மட்டத்தில்தான் ஏறுகிறது. அந்த நீர்மட்டம் பக்கத்துத் தோட்டத்து அங்கத்தினருக்கும் உரியது. கோடையில் வெடித்த கரிசலில் பாய்ச்சும் முதல் நீரில் ஒரு பங்கு வெடிப்பின் வழியே வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வெடிக்க விடாமல் இடைவெளி பார்த்துப் பாய்ச்சுவதற்கும் அளவைதான் துணை. ஆளுக்கொரு கருவி வாங்க வேண்டியதில்லை. வேளாண் கருவிகளை வாடகைக்கு விடும் கடன் சங்கங்கள் ஒன்றிரண்டு கருவிகளை வாங்கி வைத்து, முறைவைத்துக் கொடுத்தாலே போதும்.

நேர்மாறான தவறும் உண்டென்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மிகை நீருக்கு அஞ்சி அடியோடு நிறுத்தினால் புல் காய்ந்து சருகாகும். பட்டாசுக் கொட்டகைகளைச் சுற்றிலும் காய்ந்த புல் இல்லாதிருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளுள் ஒன்று. அவ்வூர்களில் காய்ந்த புல் வெறும் அழகுக்கேடு அன்று என்பதை அங்குள்ளோர் நம்மினும் நன்கறிவர்.

ஆவணியில் அச்சங்கத்திற்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. லாரி வாடகைச் சீட்டுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. பழுத்த திட்டுகளில் பாதி தளிர்த்திருந்தது. மீதியில் மண்ணைக் கிளறிப் புதிதாக அருகு ஊன்றியிருந்தனர். தோட்டக்காரர் தாமே செய்துகொண்ட கம்பியை எடுத்து வந்து காட்டினார். அதில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தார். தரையின் நடுவில் அழுத்தினார். இரண்டாம் கோடுவரை இறங்கிற்று. வேப்பமரத்தடியில் அழுத்தினார், முதற்கோட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. “இந்த மூலைக்கு மட்டும் இன்றைக்கு இரண்டு குடம் ஊற்ற வேண்டும், ஐயா,” என்று சொல்லிக் குடத்தை எடுக்கப் போனார்.