ககாவா மண்ணில் கிடைத்த நொதி

ஜப்பானின் 47 மாகாணங்களில் பரப்பளவில் ஆகச் சிறியது ககாவா. எடோ காலத்தில் உப்பு, பருத்தி, சர்க்கரை என்ற மூன்று வெள்ளைப் பொருள்கள் அந்தப் பகுதியின் செல்வமாக இருந்தன. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, கையால் பிசைந்து பிசைந்து எடுக்கும் ‘வாசன்போன்’ என்ற மென்மையான சர்க்கரை இன்றும் அங்கே தயாராகிறது. அதே ஊர்ப்பக்கம், 1991இல், கரும்போடு தொடர்பில்லாத இன்னொரு சர்க்கரைக்கு வழி திறந்தது.

ககாவா பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில் பேராசிரியர் கென் இஸுமோரி, நுண்ணுயிரிகள் சர்க்கரைகளை எப்படி மாற்றித் தின்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரும் பொருட்படுத்தாத சர்க்கரைகள் மீதுதான் அவருக்கு நாட்டம். வளாகத்தின் உணவகத்துக்குப் பின்புற மண்ணில் அவருக்கு ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதன் நொதி ஒன்று, பழங்களில் உள்ள ஃபிரக்டோஸை ‘அல்லுலோஸ்’ என்ற அரிய சர்க்கரையாக மாற்றியது. பழைய நூல்களில் இதன் பெயர் சைக்கோஸ்.

இதில் என்ன பெரிய விஷயம்? குளுக்கோஸில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அணுக்களின் எண்ணிக்கையை மாற்றாமல், அவற்றின் இணைப்பையும் அவை நோக்கும் திசையையும் மட்டும் மாற்றினால் 24 வெவ்வேறு சர்க்கரைகள் வருகின்றன. குளுக்கோஸின் அணு அமைப்பை 1891இல் தெளிவாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். 1902இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் இந்த 24இல் இயற்கை தாராளமாகச் செய்வது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கேலக்டோஸ், மேனோஸ் என நான்கைத்தான். மற்றவை தேடினாலும் கிடைப்பது துளித்துளியாகத்தான். உலர்திராட்சை, அத்திப்பழம், வெல்லப்பாகு ஆகியவற்றில் அல்லுலோஸ் இருக்கிறது, மிக மிகக் குறைவாக.

ஆய்வகத்தில் வேதிமுறையில் செய்துவிடலாமே என்றால், அங்கேதான் இடைஞ்சல். சர்க்கரை மூலக்கூறு முழுக்க ஒரே மாதிரியான ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கிளைகள். வேண்டிய ஒரு கிளையை மட்டும் திருப்ப, மற்றவற்றையெல்லாம் முதலில் மூடி வைத்துப் பிறகு திறக்க வேண்டும். செலவு தாங்காது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: செவ்வாயில் உயிர் உண்டா என்று 1976இல் தேடிய வைக்கிங் விண்கலச் சோதனைகளில் ஒன்றை வடிவமைத்த கில்பர்ட் லெவின், பின்னாளில் குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பமான இடக்கைச் சர்க்கரையைக் கலோரியற்ற இனிப்பாக்க முயன்றார். விலை குறுக்கே நின்றது. அதை விட்டு, பாலின் கேலக்டோஸிலிருந்து வரும் டாகடோஸுக்கு மாறினார்.

இஸுமோரியின் நொதியோ, ஃபிரக்டோஸின் மூன்றாவது கார்பனில் இருக்கும் கிளையை மட்டும் மறுபக்கம் திருப்புகிறது. வேறெதையும் தொடுவதில்லை. ஆலையில் நொதியைச் சிறு மணிகளில் பிணைத்துக் குழாயில் நிரப்பி, வெதுவெதுப்பான ஃபிரக்டோஸ் கரைசலை அதன் வழியே ஓடவிடுகிறார்கள். மாற்றம் முழுதாக நடப்பதில்லை. நொதியைப் பொறுத்துக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ அல்லுலோஸானதும் வினை சமநிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. பிறகு நிறப்பகுப்பு முறையில் இரண்டையும் பிரித்து, மிஞ்சிய ஃபிரக்டோஸை மறுபடி குழாய்க்கே அனுப்புகிறார்கள். ஃபிரக்டோஸ் சோள மாவுச்சத்திலிருந்தே மலிவாக வருவதால் கணக்கு கட்டுப்படியாகிறது.

இஸுமோரி அதோடு நிற்கவில்லை. 24 சர்க்கரைகளையும் 10 சர்க்கரை ஆல்கஹால்களையும் மூவகை நொதிகளால் ஒன்றோடொன்று இணைத்து ஒரு வளைய வரைபடம் போட்டார். எதிலிருந்து எதற்கு, எந்த நொதி வழியாகப் போகலாம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘இஸுமோரிங்’ என்று அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. என் கணிப்பில், அல்லுலோஸைவிட இந்த வரைபடமே பெரிய சாதனை.

அல்லுலோஸ் நாவுக்குச் சாதாரணச் சீனியின் 70 சதவீத இனிப்பைத் தருகிறது. குடலில் உறிஞ்சப்பட்டாலும் உடல் அதை எரிப்பதில்லை; பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே போய்விடுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் இதைச் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’க் கணக்கிலிருந்து விலக்கி, கிராமுக்கு 0.4 கிலோகலோரி என்று கணக்கிடச் சொன்னது. சீனிக்கு அது 4.

அடுமனைக்காரர்களுக்கு இதில் வேறொரு லாபம். சீனித்துளசி இனிக்கும், ஆனால் மாவுக்குப் பருமன் தராது. அல்லுலோஸ் உண்மையான சர்க்கரை. பருமன் தரும், சூட்டில் பொன்னிறமாகும், ஐஸ்கிரீமைக் கல்லாக உறையவிடாது. சீனியைவிட விரைவாகச் சிவந்துவிடும் என்பதால் அடுப்புச் சூட்டைக் குறைக்க வேண்டும். ஈஸ்ட் இதைத் தின்னாது. ரொட்டி மாவு பொங்க இதை மட்டும் நம்ப முடியாது.

சர்க்கரை நோய்க்கு இது மருந்தா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. மாவுச்சத்துக் கரைசலோடு 5 கிராம் சேர்த்துக் குடித்தபோது ரத்தச் சர்க்கரை ஏறுவது ஓரளவு மட்டுப்பட்டதாக 2008இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. ஓரளவுதான். மருந்தை நிறுத்திவிட்டு இதை வாங்குவது ஆபத்து. அளவும் முக்கியம்: உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராமுக்கு மேல் ஒரே வேளையில் போனால் வயிறு கலங்கலாம் என்கிறது கொரிய ஆய்வு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 24 கிராம். ‘அரிய சர்க்கரை’ என்று ஜப்பானில் விற்ற சிரப்பின் பெரும்பகுதி சாதாரணக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமே என்பதால், லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

அல்லுலோஸிலிருந்து இன்னொரு நொதி வழியே அலோஸ் என்ற சர்க்கரை கிடைக்கிறது. அதைக் கொடுத்த நெற்பயிரில், பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கும் திறன் தூண்டப்படுவதை ககாவா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இனிப்புக்காகத் தொடங்கிய தேடல் வயலுக்கும் வந்திருக்கிறது. இஸுமோரிங் வரைபடத்தின் இடக்கைப் பக்கத்துச் சர்க்கரைகள் பலவற்றைப் பயிரிலோ விலங்கிலோ சோதித்துப் பார்க்கும் வேலை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது.